கர்ப்பிணிகளுக்கான தடுப்பூசி ஆராய்ச்சியை நம்பி இறங்கலாமா?

மருத்துவம் முடித்துவிட்டு, கர்ப்பகாலத் தடுப்பூசி ஆராய்ச்சிக்குப் போகலாமா என்று யோசிக்கிறேன், அந்த வாழ்க்கை எப்படி இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். பதினாறு வருடமாக இதில்தான் இருக்கிறேன்.

என்னை இங்கே இழுத்து வந்தது ஐந்து வாரக் குழந்தை ஒன்று. கக்குவான் இருமல். பெரிய பிள்ளைகளைப் போல அதற்கு இருமக்கூடத் தெரியவில்லை. திடீரென்று மூச்சு நின்றுபோகும், உதடு நீலம் பாரிக்கும், நாங்கள் முதுகைத் தேய்த்தால் திரும்ப மூச்சு வரும். பிழைத்துவிட்டது. ஆனால் அந்த நோய்க்கான முதல் ஊசியே பிறந்து ஆறு, எட்டு வாரம் ஆன பிறகுதான். அதுவரை யார் காப்பது?

அம்மாதான். ஊசி போட்டதும் அவர் உடம்பில் உண்டாகும் எதிர்ப்பொருளை நஞ்சுக்கொடி சும்மா கசியவிடுவதில்லை, பிடித்துப் பிடித்துக் குழந்தைப் பக்கம் அனுப்புகிறது. அதனால் நிறைமாதத்தில் பிறந்த குழந்தையின் ரத்தத்தில் பெரும்பாலும் அம்மாவிடம் இருப்பதைவிட அதிகமாகவே இருக்கும். தொப்புள்கொடி ரத்தத்தை முதன்முதலில் நானே சோதித்து அந்த எண்ணைப் பார்த்த இரவு தூக்கமே வரவில்லை.

2012இல் பிரிட்டனில் கக்குவான் பெருகி 14 பச்சிளங்குழந்தைகள் இறந்துபோனார்கள். அந்த அக்டோபரிலேயே கர்ப்பிணிகளுக்கு ஊசி தொடங்கினார்கள். பிறந்து மூன்று மாதத்துக்குள் இருந்த குழந்தைகளுக்குச் சுமார் 90 சதவீதப் பாதுகாப்பு கிடைத்தது.

எல்லாம் இவ்வளவு சீக்கிரம் நடக்காது, அதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். கைக்குழந்தைகளின் நுரையீரலைத் தாக்கும் ஆர்எஸ்வி வைரஸுக்கு 1960களில் ஒரு தடுப்பூசியைக் குழந்தைகளுக்கே போட்டுப் பார்த்தார்கள். போட்ட குழந்தைகளுக்கு நோய் இன்னும் கடுமையாக வந்தது, இருவர் இறந்தார்கள். வைரஸ் நம் செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் எஃப் என்ற புரதம், நுழைவதற்கு முன் எந்த வடிவத்தில் இருக்கிறது என்பது 2013இல் தெளிவான பிறகுதான் வழி திறந்தது. கர்ப்பிணிகளுக்கான ஊசிக்கு 2023இல் அனுமதி கிடைத்தது. நடுவில் சிலர் பணி ஓய்வே பெற்றுவிட்டார்கள்.

அன்றாட வேலை என்றால் நேரம் காலம் பார்க்காத பிரசவங்கள், குழாயில் ஒட்டும் லேபிள், ஒப்புதல் படிவம், புள்ளியியல், திரும்பி வரும் கட்டுரைகள். நிதி விண்ணப்பம் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இதில் எனக்குப் பெரிதாகத் தெரிவது ஒப்புதல்தான். நோயே இல்லாத ஒரு பெண் வயிற்றில் கை வைத்துக்கொண்டு, "பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்பார். அவசரப்பட்டு "ஆகாது" என்று சொல்லிவிடாதீர்கள். உட்கார்ந்து, இதுவரை என்ன தெரியும், எதைக் கண்டுபிடிக்க இந்த ஆய்வு என்று பொறுமையாகச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் நன்றி சொல்லி எழுந்துவிடுங்கள். பயத்தில் கர்ப்பிணிகளை ஆய்வுகளிலிருந்து ஒதுக்கியே வைத்தால் அவர் கேள்விக்குப் பதில் எங்கிருந்து வரும்? கோவிட் தடுப்பூசியின் முதல் பெரிய ஆய்வுகளிலும் அவர்களைச் சேர்க்கவில்லை.

சரி, ஆராய்ச்சிக் கூடத்துக்கு முன்னால் பிரசவ வார்டிலும் பச்சிளங்குழந்தை வார்டிலும் ஆறு ஆறு மாதம் வேலை பாருங்கள். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால், பச்சிளங்குழந்தைகளைக் கடுமையாகத் தாக்கும் பி வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் பக்கம் வாருங்கள். தாயிடம் எதிர்ப்பொருள் குறைவாக இருந்தால் குழந்தைக்கு ஆபத்து என்று 1976இலேயே காட்டிவிட்டார்கள். ஊசி இன்னும் வரவில்லை, அங்கே ஆள் தேவை.