அட்வான்ஸ் கொடுத்த தேதிதான் உங்கள் வழக்கு

கேள்வி: ஐரோப்பிய ஒன்றிய நாடு ஒன்றில் சிறிய சலவை ஆலை நடத்துகிறேன். எண்ணெய் பாய்லரை எடுத்துவிட்டு மரச்சில்லு பாய்லர் போட அரசு மானியம் கிடைத்தது. மார்ச்சில் ஆர்டரில் கையெழுத்திட்டு அட்வான்ஸ் கொடுத்தேன். விண்ணப்பித்தது ஏப்ரலில், ஒப்புதல் வந்தது ஜூலையில். முதல் தவணையும் கைக்கு வந்துவிட்டது. இப்போது தணிக்கையில் ஆர்டர் தேதியைப் பார்த்துவிட்டு, கொடுத்ததை வட்டியோடு திருப்பிக் கேட்கிறார்கள். "தாராளமாக ஆரம்பியுங்கள்" என்று போனில் சொன்னதே அந்த அலுவலகம்தான். கன்சல்டன்ட் கைவிரித்துவிட்டார். இதே வேலையைச் செய்த இன்னொரு ஆலைக்கு முழு மானியமும் போயிருக்கிறது. பாய்லர் விற்றவர், மே மாதத் தேதியில் புது ஆர்டர் போட்டுத் தருவதாகச் சொல்கிறார். வழக்குப் போடலாமா?

பதில்: நீங்கள் எழுதியதில் சட்டத்துக்குத் தேவையானது ஒன்றுதான்: மார்ச்சில் ஆர்டர், ஏப்ரலில் விண்ணப்பம். போனில் சொன்னவர், கைவிரித்த கன்சல்டன்ட், இன்னொரு ஆலைக்குக் கிடைத்த மானியம், இவற்றை எந்த நீதிமன்றமும் எடைபோடாது. பாய்லர் அருமையாக ஓடுகிறது என்பதும் வாதம் ஆகாது.

இத்தகைய மானியங்கள் பெரும்பாலும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014-ஆம் ஆண்டின் 651 எண் ஒழுங்குமுறையின் கீழ் தரப்படுபவை. அதன் 6-ஆவது பிரிவின்படி, வேலை தொடங்கும் முன்பே எழுத்து மூலம் விண்ணப்பித்திருக்க வேண்டும். சட்டப்படி கட்டுப்படுத்தும் முதல் ஆர்டரைக் கருவிக்குக் கொடுத்தாலே வேலை தொடங்கியதாகக் கணக்கு. அனுமதி வாங்கியது, சாத்தியக்கூறு ஆய்வு செய்தது போன்ற முன்வேலைகள் இதில் சேராது. ஆர்டர் சேரும்.

உங்களைப் போலவே ஒரு வழக்கு ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கிறது. எஸ்டோனியாவின் ஈஸ்டி பாகர் என்ற ரொட்டி நிறுவனம் 2008 ஆகஸ்டில் இயந்திரத்துக்கு ஒப்பந்தம் போட்டது, அக்டோபரில் மானியத்துக்கு விண்ணப்பித்தது. ஐந்து லட்சம் யூரோவுக்கு மேல் பெற்றது. பல ஆண்டுகள் கழித்து அதைத் திருப்பிக் கேட்டார்கள். ஒப்பந்தத்திலிருந்து அதிகச் செலவில்லாமல் விலகியிருக்க முடியும் என்ற வாதம் எடுபடவில்லை. 2019 மார்ச்சில் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது இதுதான்: அதிகாரிகள் விதியைத் தவறாகப் பயன்படுத்தி மானியம் கொடுத்திருந்தாலும், அதைப் பெற்றவருக்கு அது செல்லும் என்று நம்பியிருக்கும் உரிமை பிறக்காது, தவறு தெரிந்தால் அந்த அலுவலகம் தானாகவே வட்டியுடன் வசூலித்தாக வேண்டும். எழுதிக் கொடுத்த ஒப்புதலுக்கே இந்தக் கதி. போன் பேச்சைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றம் போகாதீர்கள்.

இப்போது அந்தப் புது ஆர்டர் விஷயம். என்னிடம் வருகிறவர்கள் உண்மையில் மாட்டிக்கொள்வது இங்கேதான். நீங்கள் இப்போது இழக்கப்போவது ஒரு மானியம், அவ்வளவுதான். தேதி மாற்றிய ஒரு தாளைக் கொடுத்த மறுநிமிடம் அது மோசடி வழக்காகிவிடும். அட்வான்ஸ் போன வங்கிக் கணக்கில் மார்ச் என்று இருக்கிறது. விற்றவரின் வரிக் கணக்கில் இருக்கிறது. அவர் தொழிற்சாலைக்கு அனுப்பிய மின்னஞ்சலிலும் இருக்கும். பழைய ஆர்டரைத் தணிக்கையாளர் ஏற்கெனவே பார்த்துவிட்டார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அப்புறம் புதுசு யாரை ஏமாற்ற? விற்றவர் நல்லவராகத்தான் இருக்கலாம். விசாரணை என்று வந்தால், "வாடிக்கையாளர் கேட்டார், கொடுத்தேன்" என்பார். அவருடைய யோசனைக்கு எழுத்தில் பதிலே போடாதீர்கள், வாட்ஸ்அப்பில் கூட. போட்டுவிட்டிருந்தால் அழிக்காதீர்கள். அழித்தது தெரிந்தால் அதுவே தனிக் குற்றச்சாட்டு.

விண்ணப்பத்தின் நகலையும் எடுத்துப் பாருங்கள். திட்டம் தொடங்கும் நாள், முடியும் நாள் இரண்டையும் அதில் எழுதியாக வேண்டும். "இன்னும் தொடங்கவில்லை" என்று உறுதிமொழி கொடுத்துக் கையெழுத்தும் போட்டிருந்தால், அலுவலகம் இதை அறியாப் பிழையாகப் பார்க்கிறதா, பொய்யாகப் பார்க்கிறதா என்பதே பெரிய கேள்வி. கன்சல்டன்ட் நிரப்பினார் என்றாலும் கையெழுத்து உங்களுடையது. இதே உறுதிமொழியின் பேரில் இரண்டாம் தவணை கேட்டு எதையாவது அனுப்பியிருந்தால் இன்றே திரும்பப் பெறுங்கள். தெரிந்த பிறகு கேட்கும் ஒவ்வொரு யூரோவும் உங்கள் நல்லெண்ணத்துக்கு எதிரான சாட்சி.

வழக்கு நிற்கக்கூடிய இடம் ஒன்று உண்டு. "மானியம் கிடைக்காவிட்டால் இந்த ஆர்டர் செல்லாது" என்ற நிபந்தனை மார்ச் ஆர்டரிலேயே எழுத்தில் இருந்ததா? இருந்தால் அது நிபந்தனையற்ற ஆர்டர் அல்ல, வாதாடலாம். அப்படி ஒரு வரி இல்லையென்றால் சமரசம்தான். இதில் நான் இரண்டாம் பேச்சே பேசமாட்டேன்.

சமரசத்தில் கேட்க வேண்டியது: டி மினிமிஸ் எனப்படும் சிறுதொகை உதவி. 2023-ஆம் ஆண்டின் 2831 எண் ஒழுங்குமுறைப்படி ஒரு நிறுவனம் மூன்று ஆண்டுகளில் ஒரு நாட்டிடமிருந்து 3,00,000 யூரோ வரை இப்படிப் பெறலாம். விண்ணப்பத்துக்குப் பின்தான் வேலை தொடங்க வேண்டும் என்ற நிபந்தனை அந்த ஒழுங்குமுறையில் இல்லை. உங்கள் நாட்டுத் திட்டத்தின் சொந்த விதி இடம் கொடுத்தால், பெற்ற தொகையில் ஒரு பகுதியையாவது இந்தக் கணக்குக்கு மாற்றும்படி கேளுங்கள். கட்டாயம் இல்லை, அவர்கள் விருப்பம். கேட்கும் முன் இதே வகையில் வாங்கிய மற்ற உதவிகளைக் கூட்டிப் பாருங்கள். உங்களோடு ஒரே குழுமமாக இணைந்த நிறுவனங்கள் வாங்கியதும் சேரும். பலர் அதை மறந்துவிட்டு இரண்டாம் முறை மாட்டுகிறார்கள்.

மீதியைத் தவணையில் கட்டச் சம்மதியுங்கள். அதற்கு ஈடாக, "பொய்த் தகவல் தரப்பட்டதாக முடிவு எதுவும் இல்லை" என்று எழுதி வாங்குங்கள். அடுத்த மானியத்துக்கு நீங்கள் விண்ணப்பிக்கும்போது அந்த ஒரு வரி, திருப்பிக் கட்டிய பணத்தைவிடப் பெறுமதியாக இருக்கும். பாய்லருக்கு வங்கிக் கடன் இருந்தால், மானியம் ரத்தாவதை வங்கிக்குத் தெரிவிக்க வேண்டுமா என்று கடன் ஒப்பந்தத்தையும் படித்துவிடுங்கள்.

கன்சல்டன்ட் மேல் கோபம் நியாயமானது. அவர் கொடுத்த ஒப்பந்தத்தில் "மானியத்துக்கு உத்தரவாதம் இல்லை" என்ற வாசகம் இருக்கும், ஆனால் விண்ணப்பத்துக்கு முன் ஆர்டர் போடாதே என்று எச்சரிக்காததை அது காப்பாற்றாமல் போகலாம். அவருக்குத் தொழில் பொறுப்புக் காப்பீடு இருக்கிறதா என்று எழுதிக் கேளுங்கள். அலுவலகத்தோடு கணக்கு முடிந்து, இழப்பு எவ்வளவு என்று தெரிந்த பிறகு அந்தப் பக்கம் திரும்பலாம். உரிமைக் கோரிக்கைக்கான காலக்கெடு மட்டும் நடுவில் கழிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.