தோற்ற குதிரைகளுக்கு இடமில்லையா?

கேள்வி: எக்காலத்துக்கும் பிடித்த பந்தயக் குதிரைகள் என்று சென்ற இதழில் செக்ரடேரியட்டையும் ரெட் ரம்மையும் குறிப்பிட்டிருந்தீர்கள். செக்ரடேரியட் 21 பந்தயங்களில் ஐந்தைக் கோட்டைவிட்டது. ரெட் ரம் தோற்றவற்றுக்கோ கணக்கே இல்லை. தோல்வியே காணாத எக்லிப்ஸ், ஃபிராங்கல், பிளாக் கேவியர் ஆகியவற்றை விட்டுவிட்டது மறதியா, அறியாமையா? பெயரளவில் மட்டுமே ரேஸ் கோர்ஸ் உள்ள மதுரையில் உட்கார்ந்துகொண்டு குதிரைகளுக்குத் தீர்ப்பு வழங்குவது பொருத்தம்தானா?
— ஒரு வாசகர், மேலூர்

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். மதுரை ரேஸ் கோர்ஸ் மைதானத்தில் இன்று ஓடுபவர்கள் மனிதர்கள்தாம் என்பது உண்மை. ஆனால், பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் பொன்னோடு புறப்பட்ட வாதவூரரின் ஊருக்குப் பக்கத்திலிருந்துகொண்டு, குதிரையைப் பற்றிப் பேச மதுரைக்காரனுக்கு என்ன உரிமை என்று கேட்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

இனி, உங்கள் தோல்வியறியாத மூவர். எக்லிப்ஸ் 1764ஆம் ஆண்டுச் சூரிய கிரகணத்தின்போது பிறந்து அதனாலேயே அப்பெயர் பெற்ற குதிரை. அது 18 பந்தயங்களில் வென்றதாகச் சொல்லும் ஏடுகளே, அவற்றுள் பலவற்றில் எதிர்த்து ஓட எவரும் குதிரையை இறக்காததால் அது தனியாகவே ஓடுதளத்தைக் கடந்து பரிசை வாங்கியது என்றும் சொல்கின்றன. பிளாக் கேவியர் 25 பந்தயங்களில் 25ஐயும் வென்றது, ஆனால் 1,400 மீட்டருக்கு மேற்பட்ட தொலைவில் அது ஒருமுறைகூட ஓடியதில்லை. ஃபிராங்கல் 14க்கு 14 வென்றது. அதுவும் பிரிட்டனை விட்டு வெளியே சென்றதில்லை, பத்தரை ஃபர்லாங்கைத் தாண்டியதுமில்லை. உங்கள் ஊர்ப்பக்கத்து மாட்டு வண்டிப் பந்தயங்களில் பெரிய மாடு, சிறிய மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித் தொலைவு வைத்து ஓட்டுகிறார்கள். பூஞ்சிட்டில் தொடர்ந்து வென்ற சோடியைப் பெரிய மாட்டுக்கு மேலே வைத்துப் பேசினால் உங்கள் ஊர் டீக்கடையில் விடுவார்களா என்று விசாரித்து எழுதுங்கள்.

செக்ரடேரியட்டின் ஐந்து தோல்விகளை எண்ணியவர், அவற்றுள் ஒன்றில் அது முதலாவதாக வந்தும், மற்றொரு குதிரைக்கு இடைஞ்சல் செய்ததாக இரண்டாமிடத்துக்கு இறக்கப்பட்டது என்பதையும் எண்ணியிருக்கலாம். அது கிடக்கட்டும். 1973ஆம் ஆண்டு, அமெரிக்காவின் கென்டக்கி டெர்பி பந்தயத்தின் ஒன்றேகால் மைலை ஐந்து கால் மைல்களாகப் பிரித்து நேரம் குறித்தபோது, முதல் கால் மைலைவிட இரண்டாவதையும், அதைவிட மூன்றாவதையும் என்று, கடைசிவரை ஒவ்வொன்றையும் முந்தையதைவிடக் குறைந்த நேரத்தில் அது ஓடியிருந்தது. களைப்பால் வேகம் தளரவேண்டிய இடத்தில் வேகம் கூடியது என்பதுதான் இதன் பொருள். அதே ஆண்டு ஜூன் 9 அன்று பெல்மான்ட் பந்தயத்தின் ஒன்றரை மைலை 2 நிமிடம் 24 விநாடியில் முடித்து, அடுத்து வந்த குதிரையை 31 குதிரை நீளம் பின்னால் விட்டது. அந்த நேரத்தை இன்றுவரை அப்பந்தயத்தில் எந்தக் குதிரையும் எட்டவில்லை. இரண்டு மாதம் முடிவதற்குள் ஆனியன் என்ற குதிரையிடம் அது தோற்றதும் உண்மைதான். அந்தத் தோல்வியால் பெல்மான்ட் நேரத்தில் ஒரு விநாடி கூடிவிட்டதா?

ரெட் ரம்மைப் பற்றி நீங்கள் எழுதியதுதான் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது. குளம்பெலும்பில் நோய் கண்டிருந்த அந்தக் குதிரையை 6,000 கினிக்கு (பிரிட்டனின் பழைய நாணயக் கணக்கு) வாங்கியவர்கள் இங்கிலாந்தின் சௌத்போர்ட் கடற்கரை மணலிலும் உப்புநீரிலும் ஓடவிட்டுப் பழக்கினார்கள். பயிற்சியாளரோ பழைய கார்களை வாங்கி விற்பவர், லாயமும் அந்தக் கார்க்கடைக்குப் பின்னால்தான். அந்நாளில் 30 தடைகளைத் தாண்டி ஏறத்தாழ நான்கரை மைல் ஓடவேண்டியிருந்த, விழாமல் முடிப்பதே பெரிதென்று கருதப்படும் கிராண்ட் நேஷனல் என்னும் இங்கிலாந்துப் பந்தயத்தில் அது 1973, 1974, 1977 ஆகிய ஆண்டுகளில் முதலிடமும், இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் இரண்டாமிடமும் பெற்றது. மூன்றாம் வெற்றியின்போது அதற்கு வயது 12. முதல் வெற்றியில்கூட என் மனம் பாதி, அதைவிட 23 பவுண்டு கூடுதல் எடை சுமந்து நெடுந்தொலைவு முன்னால் ஓடி, கடைசி அடிகளில் பிடிபட்ட கிரிஸ்ப் என்னும் குதிரையின் பக்கம்தான் இருக்கிறது. அந்தப் பந்தயத்தின் படச்சுருளை ஒருமுறை பார்த்துவிடுங்கள்; பிறகு கிரிஸ்ப்பைத் 'தோற்ற குதிரை' என்று ஒரு சொல்லில் தள்ளிவிடக் கை வருகிறதா என்று பார்ப்போம்.

மறதியா என்று கேட்டீர்கள். ஆம், ஒரு மறதி நேர்ந்திருக்கிறது. மேன் ஓ' வார் என்னும் குதிரையை நான் விட்டது பிழையே. 21 பந்தயங்களில் 20ஐ வென்ற அது, 1919இல் சரடோகாவில், தன்னைவிட 15 பவுண்டு குறைவாகச் சுமந்த அப்செட் என்னும் குதிரையிடம் ஒரே ஒருமுறை தோற்றது. செக்ரடேரியட்டுக்கும் ரெட் ரம்முக்கும் நடுவே அதை இப்போது சேர்த்துக்கொள்கிறேன். உங்கள் பட்டியலில்தான் அதற்கு இடமில்லை.