அல்பாக்கா வளர்க்கப் போகிறேன் என்கிற மகனும் வீட்டு எருமைப் பட்டியும்

அன்புள்ள தங்கச்சி,

சித்தாண்டியிலிருந்து நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். மகன் உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் மூன்று பாடமும் சித்தி, ஆனால் பல்கலைக்கழகம் போக இசட் புள்ளி காணாது. இன்னொரு தரம் எடு என்றால் முகம் கொடுக்கிறான் இல்லை. அவுஸ்திரேலியாவின் விக்டோரியாவில் இருக்கிற உங்கள் தம்பி தன் அயல் பண்ணையில் உரோமத்துக்காக வளர்க்கிற அல்பாக்கா என்கிற பிராணிகளைப் படம் பிடித்து அனுப்ப, இவன் இரவு பகலாக அதையே பார்க்கிறான். "மாமா மாதிரி ஆக்களோட நிண்டு அல்பாக்கா வளர்க்கப் போறன், இல்லாட்டி அங்க போய் வேலை செய்யப் போறன்" என்கிறான். கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: "மாடு மேய்க்கவா சேர் இவ்வளவு படிக்க வைச்சம்?"

அந்த வரியில்தான் உங்கள் கவலை முழுக்க இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அல்பாக்கா. பிள்ளை ஒன்றை ஆசையாகச் சொல்லும்போது "விசர்க் கதை" என்று தள்ளிவிட்டால், அதற்குப் பிறகு அவன் வாயைத் திறக்க மாட்டான்.

அல்பாக்கா பெரு நாட்டு அண்டிஸ் மலைப் பிராணி. கடல் மட்டத்திலிருந்து 3500 மீற்றருக்கு மேலே, குளிரும் வறண்ட காற்றும் உள்ள இடத்தில் ஆயிரக்கணக்கான வருடங்களாக மனிதரோடு வாழ்ந்தது. 1980களில்தான் அமெரிக்காவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் பெரிய அளவில் போனது. அதன் உடம்பில் இருக்கிற உரோமம் அந்தக் குளிருக்கு வளர்ந்தது. வெளிநாட்டுப் பண்ணையாளர்கள் வெயில் காலத்தில் ஒரு சின்னக் கணக்குப் பார்ப்பார்கள்: பாரன்ஹைட்டில் வெப்பநிலையையும் காற்றின் ஈரப்பத வீதத்தையும் கூட்டுவார்கள். 150ஐத் தாண்டினால் கவனம், 180ஐத் தாண்டினால் ஆபத்து. மகனை ஒரு நாள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல குளிர் என்று நாங்கள் போர்த்திக்கொண்டு திரிகிற தை மாதத்தில், 25 பாகை செல்சியஸ் என்றால் பாரன்ஹைட்டில் 77. ஈரப்பதம் 80 வீதம் என்று வையுங்கள். 157 வந்துவிட்டது. கச்சான் காற்று அடிக்கிற ஆடி மாதத்தை அவனே கணக்குப் பார்க்கட்டும்.

அதற்கு மேல், வெளிநாட்டிலிருந்து உயிருள்ள பிராணியைக் கொண்டுவருவதற்கு அரசாங்க அனுமதியும் தனிமைப்படுத்தலும் வேண்டும். கொண்டுவந்தாலும் அதைப் பார்த்துப் பழகிய கால்நடை வைத்தியரை இங்கே தேடிப் பிடிப்பது கடினம், உரோமத்தை நூலாக்க ஆலையும் அப்படித்தான். ஆகவே மட்டக்களப்பில் அல்பாக்கா என்ற கதை இத்தோடு முடிகிறது. இதை அவனுக்கு நேராகச் சொல்லலாம். கணக்கைக் காட்டிச் சொன்னால் அவன் கேட்பான்.

ஆனால் தங்கச்சி, அந்தப் படங்களில் அவன் எதைப் பார்க்கிறான் என்று நீங்கள் யோசித்துப் பார்த்தீர்களா? ஒரு குடும்பம் முழுவதும் பிராணிகளோடு வருடம் முழுக்க வாழ்கிற வாழ்க்கையை அல்லவா பார்க்கிறான்? அதன் உள்பக்கத்தையும் அவன் அறியட்டும்.

அவுஸ்திரேலியாவில் காலம் எங்களுக்கு நேர்மாறு. செப்டெம்பர் தொடங்கி டிசம்பருக்குள், கோடை சுடுவதற்கு முன்னர், வருடத்துக்கு ஒரே ஒரு தடவை உரோமம் வெட்டுவார்கள். பிராணியைப் பாயில் சரித்து, முன்கால் பின்கால்களைக் கயிற்றால் இழுத்துப் பிடித்து, ஒருவர் தலையைப் பிடிக்க, வெட்டுகிறவர் மின்கத்தரியோடு சில நிமிடங்களில் முடித்துவிடுவார். அந்த நேரத்திலேயே நகம் வெட்டுவார்கள், பல்லைப் பார்ப்பார்கள், தடுப்பூசி போடுவார்கள். வருடம் முழுக்க வளர்த்ததற்குக் கிடைப்பது ஒரு பிராணியிடம் 2 முதல் 4 கிலோ. அதிலும் முதுகும் விலாவும் சேர்ந்த பகுதிக்குத்தான் விலை. கழுத்து, கால் உரோமம் மலிவு. கடையில் 'பேபி அல்பாக்கா' என்று எழுதியிருப்பதைக் குட்டியின் உரோமம் என்று நினைப்பார்கள். அது இழையின் மென்மைக்குச் சொல்கிற பெயர், வயதுக்கு அல்ல.

சினைக் காலம் ஏறக்குறைய பதினொன்றரை மாதம். ஒரு ஈற்றுக்கு ஒரு குட்டி. இரட்டை மிக மிக அரிது. பத்துப் பெட்டை வைத்திருக்கிறவருக்கு வருடம் நன்றாகப் போனால் பத்துக் குட்டி, அதில் பாதி கடுவன். குளிர்காலத்தில் வெயில் போதாமல் எலும்பு பலவீனமாகும் என்று குட்டிகளுக்கு விற்றமின் டி ஊசி போட வேண்டும். உரோமம் வெட்டிய கையோடு குளிர் மழை வந்துவிட்டால் இரவில் எழுந்து கொட்டிலுக்குள் அடிக்க வேண்டும். மாமா அனுப்புகிற காணொளியில் இதெல்லாம் இருக்காது.

காசு? உரோமம் மட்டும் பண்ணையைத் தாங்குவது அரிது. இனவிருத்திக்குப் பெட்டைகளை விற்கிறார்கள். நலமடித்த கடுவன்களை நரியிடமிருந்து செம்மறிக் குட்டிகளைக் காக்கக் காவலுக்கு விற்கிறார்கள். எருவை மூட்டை கட்டி விற்கிறார்கள். சனி ஞாயிறில் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்குப் பண்ணையைச் சுற்றிக் காட்டிக் காசு வாங்குகிறார்கள். அமெரிக்காவில் ஒரு காலத்தில் நல்ல இனப் பெட்டை ஒன்று பல பத்தாயிரம் டொலருக்குப் போனது. எல்லோரும் வாங்கினார்கள், வளர்த்தார்கள், ஒருவருக்கு ஒருவர் விற்றார்கள். 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு விலை சரிந்து, சிலர் சும்மா கொடுக்கவும் ஆள் தேடினார்கள். தாக்குப் பிடித்தவர்கள் வரவு செலவை எழுதி வைத்து, நாலு வழியில் சிறுகச் சிறுக உழைத்தவர்கள்.

இதை வாசிக்கும்போது உங்களுக்கு வீட்டு நினைப்பு வரவில்லையா?

உங்கள் வீட்டுக்காரர் மாதவனை மேய்ச்சல் தரைப் பக்கம் எருமைப் பட்டி வைத்திருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அது ஒரு வரி, அதுவும் வெட்கப்பட்டு எழுதின வரி மாதிரி இருந்தது. நான் அந்தப் பட்டியை ஒரு முழு வருடத்துக்கு விரித்துப் பார்க்கிறேன். புரட்டாதி, ஐப்பசியில் பெரும்போக விதைப்பு. பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முடிவு செய்த திகதிக்குள் மாடுகளை வட்டையிலிருந்து, அதாவது வயல்வெளியிலிருந்து, எடுத்து மேய்ச்சல் தரைக்குக் கொண்டுபோக வேண்டும். கார்த்திகை, மார்கழியில் மழையும் வெள்ளமும் சேறும். கன்று தப்புவதும் தப்பாததும் அந்த இரண்டு மாதத்தில்தான் தெரியும். 2022 டிசம்பரில் மாண்டூஸ் புயலின் குளிர் காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் எத்தனை நூறு மாடுகள் விறைத்துச் செத்தன என்று அவருக்குத் தெரியும். மாசி, பங்குனியில் வெள்ளாமை வெட்டி முடிய, பட்டி வயலுக்கு இறங்கும். தாளும் புல்லும் தாராளம், பால் கூடும், சித்திரைப் புத்தாண்டு வரும், தயிர்ச்சட்டி நிற்காது. அப்புறம் கச்சான் காற்று. குளம் வற்றும். எருமைக்கு வியர்வைச் சுரப்பி குறைவு, உழக்கிப் படுக்கச் சேற்றுக் குழி இல்லாவிட்டால் அது வாடிவிடும், பால் இறங்கும்.

விடிய நாலரைக்குப் பட்டியில் நின்று பார்த்திருக்கிறேன். கன்றைப் பெயர் சொல்லிக் கூப்பிட, கூட்டத்துக்குள் இருந்து அந்தக் கன்று மட்டும் வரும். ஊட்டவிட்டு, மடி சுரந்ததும் கன்றை இழுத்துத் தாயின் முன்காலோடு கட்டி, குந்தியிருந்து கறப்பார்கள். கறந்த சூட்டோடு மோட்டார் சைக்கிளில் கட்டி அந்தக் கல்லும் குழியுமான பாதையில் ஓட வேண்டும். பிந்தினால் பால் திரிந்துவிடும். மகனுக்கு இது சின்ன வயதிலிருந்தே தெரியும். ஆனால் வீட்டில் இதை யாரும் ஒரு தொழில் என்று சொல்லி அவன் கேட்கவில்லை. அவுஸ்திரேலியாக்காரன் செய்தால் பண்ணைத் தொழில், அப்பா செய்தால் மாடு மேய்ப்பு என்று அவன் மனதில் பதிந்துவிட்டது. எனக்கு இதில் உண்மையாகவே மனவருத்தம் உண்டு. பல வருடங்களுக்கு முன்னர் இதே மாதிரி ஒரு பையனை நான் எழுதுவினைஞர் பரீட்சைக்குத் திருப்பிவிட்டேன். வேலை கிடைத்தது, நல்லது. ஆனால் தகப்பனுக்கு ஏலாமல் போனபோது பட்டியைப் பார்க்க ஆளில்லாமல் அடிமாட்டு விலைக்கு விற்றார்கள். இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோக வழி இருந்தது. அதை அன்றைக்கு நான் தேடவில்லை.

இப்போது தேடுவோம்.

மகனுக்கு மூன்று சித்தி இருக்கிறது, அது சின்ன விஷயமல்ல. குண்டசாலையில் உள்ள கால்நடை வளர்ப்புப் பாடசாலையில் டிப்ளோமா இருக்கிறது. விண்ணப்பம் கோரும் அறிவித்தல் வரும்போது தவறவிடாமல் இருக்க, உங்கள் பிரதேசத்துக் கால்நடை வைத்தியர் அலுவலகத்தில் இப்போதே சொல்லி வையுங்கள். அந்தப் படிப்பு முடித்தவர்கள் கால்நடைத் திணைக்களத்திலும் தனியார் பாற்பண்ணைகளிலும் வேலை செய்கிறார்கள். தேசிய தொழிற்தகைமை என்கிற என்விகியூ வழியும் உண்டு: மட்டம் 4 கைத்தொழில் சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமன். முன்னரே தொழில் தெரிந்தவர்களை, வகுப்புக்குப் போகாமலேயே, செய்து காட்டச் சொல்லி மதிப்பிட்டுச் சான்றிதழ் கொடுக்கிற முறையும் அதில் இருக்கிறது. உங்கள் வீட்டுக்காரருக்கேகூட அது பொருந்தும்.

இன்னொரு தரம் பரீட்சை எடுப்பதை நான் முற்றாக விடச் சொல்ல மாட்டேன். விவசாய பீடம் உங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்திலேயே இருக்கிறது. அங்கே விலங்கு விஞ்ஞானத்துக்குத் தனித் துறை இருக்கிறது. மிருக வைத்தியம் என்றால் பேராதனை. அதற்கு வெட்டுப்புள்ளி மிக உயரம், அந்தப் பாரத்தை இப்போது அவன் தலையில் வைக்க வேண்டாம். படிப்பு எதற்கு என்று அவனுக்குத் தெரிந்தால் புத்தகத்தை அவனே எடுப்பான். நீங்கள் பின்னால் நின்று தள்ளினால் எடுக்க மாட்டான்.

பட்டியோடு சேர்ந்த தொழில்களையும் பாருங்கள். செயற்கைமுறைச் சினைப்படுத்தல் பயிற்சி பெற்று, மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகப் போய்ச் செய்கிற இளைஞர்கள் இருக்கிறார்கள். எருமைப் பாலில் கொழுப்பு 7 வீதம் அளவில் இருக்கும், பசுப்பாலில் அதைவிட நன்றாகக் குறைவு. சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத தயிர் அதனால்தான் வருகிறது. ஆனால் உங்கள் வீட்டில் பாலாகவே கொடுத்துவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். தயிரை நீங்களே உறைய வைத்து, சுத்தமாக மூடி, திகதி ஒட்டி, கல்முனைக்கும் காத்தான்குடிக்கும் நோன்பு காலத்தில் கொடுத்தால் என்ன மிஞ்சும் என்று மகன் கணக்குப் பார்க்கட்டும்.

அவுஸ்திரேலியா போவது பற்றியும் கேட்டிருந்தீர்கள். சுற்றுலா வீசாவில் போய்ப் பண்ணையில் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. மாட்டிக்கொண்டால் பிறகு போகிற வழியும் அடைபடும். "பண்ணை வேலை, உடனே வீசா" என்று யாராவது காசு கேட்டால், அந்த முகவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரிக்காமல் ஒரு சதம் கொடுக்காதீர்கள். கையில் டிப்ளோமாவும் ஆங்கிலமும் இருந்தால் நாலு வருடத்துக்குப் பிறகு முறையான வழியில் போகலாம். மாமாவும் அப்போது உதவலாம்.

ஒன்றை மறைக்கவும் கூடாது. மேய்ச்சல் தரை இல்லாமல் பட்டி இல்லை. மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காக 2023 செப்டெம்பரில் உங்கள் ஊரிலேயே பண்ணையாளர்கள் தொடங்கிய போராட்டத்தை நீங்கள் கண்ணால் கண்டவர்கள். ஆகவே முழுக் குடும்பமும் பட்டியை மட்டுமே நம்பியிருக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பட்டியோடு ஒரு சான்றிதழ், இல்லாவிட்டால் சான்றிதழோடு ஒரு பட்டி. இதுதான் என் ஆலோசனை.

"மாடு மேய்க்கவா படிக்க வைச்சம்" என்று கேட்டீர்கள். படித்தவன் பட்டியில் நின்றால் எந்த எருமை எத்தனை மாதத்துக்கு ஒரு தரம் ஈனுகிறது, எதற்குத் தீனி வீண், மழைக்கு முன் எப்போது தடுப்பூசி என்று அவனிடம் எழுத்தில் இருக்கும். அவன் தகப்பனுக்கு எல்லாம் தெரியும், ஆனால் மனதில்தான் இருக்கிறது. வங்கியில் கடன் கேட்கப் போனால் மனதில் இருப்பதை அவர்கள் பார்க்க மாட்டார்கள்.

ஐப்பசி மழைக்கு இன்னும் சில வாரம் இருக்கிறது. இன்றைக்கே ஒரு சீ.ஆர் கொப்பி வாங்கிக் கொடுங்கள். பட்டி வட்டையிலிருந்து எழும்புகிற நாளிலிருந்து எழுதத் தொடங்கட்டும்: அன்றைய மழை, கறந்த பால் எத்தனை லீற்றர், கைக்கு வந்த காசு, மருந்துச் செலவு, பிறந்த கன்று, இழந்த கன்று. அப்பா சொல்ல மகன் எழுதட்டும். அவர்கள் இரண்டு பேரும் கதைத்து எவ்வளவு நாள் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் எனக்கு விளங்கியது.

தைப்பொங்கல் முடிந்த கிழமை அவனை என்னிடம் கூட்டிவாருங்கள். டிப்ளோமா விண்ணப்பத்தையும் பரீட்சையையும் அப்போது முடிவு செய்வோம். வரும்போது கொப்பியும் வர வேண்டும். சேறு பட்டிருந்தாலும் பரவாயில்லை.