ஓவன் கண்ணாடியும் தோசைக்கல்லும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் வீட்டு ஓவனுக்கு ஐந்து வயதாகிறது. ஞாயிறுதோறும் மசாலா தடவிய முழுக் கோழியும், தீபாவளி நெருங்கினால் பட்டர் கேக்கும் பிஸ்கட்டும் அதில்தான் வேகின்றன. கதவுக் கண்ணாடி இப்போது பால் விடாத கோப்பி-ஓ நிறத்துக்கு வந்துவிட்டது. உள்ளே விளக்கு எரிகிறதா என்பதுகூடத் தெரியவில்லை. சமையல் சோடாவையும் வினிகரையும் கலந்து ஊற்றிப் பார்த்தேன். பொங்கி அடங்கியதோடு சரி. கம்பி நாரை எடுத்தபோது மாமியார் தடுத்துவிட்டார். தீபாவளிக்குள் ஒரு வழி சொல்லுங்கள்.
– வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: முதலில் உங்கள் மாமியாருக்கு ஒரு நன்றி சொல்லிவிடுங்கள், சகோதரி. ஒரு கண்ணாடியை அவர் காப்பாற்றியிருக்கிறார். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

அந்தக் கண்ணாடியில் ஒட்டியிருப்பது எண்ணெய்தான் என்று நினைத்து நாம் எல்லாரும் ஏமாறுகிறோம். கோழியிலிருந்து தெறித்த நேரத்தில் அது எண்ணெய்; ஆனால் 180, 200 பாகைச் சூட்டில் மாதக்கணக்கில் வெந்துகொண்டிருந்த பிறகு, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து, மரச்சாமான்களுக்குப் பூசும் வார்னிஷைப் போன்ற கெட்டிப் படலமாகிவிடுகிறது. புதுத் தோசைக்கல்லில் எண்ணெய் தடவிச் சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடியும் தடவிப் பழக்குகிறோமே, அதே வேலைதான் உங்கள் கண்ணாடியிலும் ஐந்து வருடமாக நடந்திருக்கிறது. கல்லில் அந்தக் கறுப்பு ஏறினால் தோசை ஒட்டாமல் வருகிறது என்று மகிழ்கிறோம். கண்ணாடியில் ஏறினால் அழுக்கு என்கிறோம். நன்றாகப் பழகிய கல்லை ஒருமுறை சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டால் பழக்கம் முழுவதும் போய்விடுவதில்லை. கண்ணாடியும் அப்படித்தான், அழுத்தித் தேய்ப்பதைவிட நெடுநேரம் ஊறவிடுவதே அதற்குப் பயன் தரும்.

இனி, நீங்கள் ஊற்றிய கலவைக்கு வருவோம். சமையல் சோடா காரம்; வினிகர் அமிலம். இரண்டும் சேர்ந்தவுடன் ஒன்றை ஒன்று தீர்த்துக்கொள்கின்றன. பொங்கி வந்த நுரை கரியமில வாயு. அது அடங்கியபின் மிஞ்சுவது பெரும்பாலும் சோடியம் அசிடேட் கரைந்த வெறும் தண்ணீர்தான். பார்ப்பதற்கு ஏதோ பெரிய வேலை நடப்பதுபோலத் தோன்றுவதால் இந்த முறை வீட்டுக்கு வீடு பரவிவிட்டது. கொழுப்பைத் தாக்குவது காரம். அது கொழுப்போடு வினைபுரிந்து அதையே சவர்க்காரமாக மாற்றுவதால்தான் பிசுக்கு தண்ணீரோடு வழிந்து வருகிறது. தோட்டப்புற வீடுகளில் எண்ணெய்ச் சட்டியை விறகடுப்புச் சாம்பலாலும், பித்தளைக் குத்துவிளக்கைப் புளியாலும் துலக்கினார்கள். சாம்பலில் இருப்பது பொட்டாசியம் கார்பனேட் என்ற காரம். புளியில் இருப்பது உலோகக் களிம்பைக் கரைக்கும் அமிலம். சாம்பலையும் புளியையும் ஒன்றாகக் குழைத்து எந்தப் பாட்டியும் சட்டி தேய்த்ததில்லை. (இதைப் படித்துவிட்டுச் சாம்பல் தேடிப் போக வேண்டாம். அதில் மணல் துகள் இருக்கும், கண்ணாடியைக் கீறிவிடும்.)

ஆகவே சோடாவை மட்டும் பயன்படுத்துங்கள். சுவரிலுள்ள சுவிட்சை அணைத்துவிட்டு வேலையைத் தொடங்குவது நல்லது; ஆனால் அதற்கு முன் ஓவனுக்குள் ஒரு தட்டில் தண்ணீர் வைத்து 100 பாகையில் 20 நிமிடம் ஓடவிட்டால் ஆவி பட்டுப் படலம் இளகும். பிறகு அணைத்துவிட்டு, கண்ணாடி கைபொறுக்கும் இளஞ்சூட்டுக்கு வரும்வரை பொறுத்திருங்கள். சூடான கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீரோ ஈரத்துணியோ பட்டால் அது வெடிக்கக்கூடும் என்பதால் இங்கே அவசரம் கூடாது. கதவை முழுவதும் திறந்து தட்டையாகக் கிடத்துங்கள். அரைக் கோப்பை சமையல் சோடாவில் இரண்டு மூன்று மேசைக்கரண்டி தண்ணீரும், பாத்திரம் கழுவும் திரவத்தில் சில துளியும் விட்டு, இட்லி மாவைவிடக் கெட்டியாக, கரண்டியைச் சாய்த்தால் மெதுவாக வழுக்கி விழும் பதத்துக்குக் குழைத்துக்கொள்ளுங்கள். அதைக் கண்ணாடியில் தோசை வார்ப்பதுபோல மெல்லியதாக இழுக்காமல், ஊத்தப்பம் கனத்துக்குப் பரப்புங்கள். மேலே உணவு மூடும் பிளாஸ்டிக் தாளை ஒட்டிவிடுவது முக்கியம். காய்ந்துபோன சோடா எந்த வேலையும் செய்யாது. நான் முதன்முறை செய்தபோது தாள் போடாமல், மின்விசிறியை ஓடவிட்டபடியே தூங்கப் போய்விட்டேன். காலையில் கண்ணாடி சுண்ணாம்பு அடித்த சுவராகக் கிடந்தது. உதிர்ந்த தூள் கதவுக் கீலின் இடுக்கில் இறங்கிவிட்டதால், காது குடையும் பஞ்சுக் குச்சியோடு நண்பகல் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

புதுக் கறைக்கு அரை மணி நேரம் போதும். உங்களுடைய ஐந்து வருடக் கறைக்கு ஓர் இரவு முழுவதும் வேண்டும். காலையில் ஈரப் பஞ்சால் வட்டமாகத் தேய்த்தால் வெள்ளைக் குழம்பு தேயிலைச் சாயம்போலப் பழுப்பாக மாறுவதைக் காண்பீர்கள். படலம் கழன்று வருகிறது என்பதற்கு அதுவே அடையாளம். ஓரங்களில் சொட்டுச் சொட்டாகக் கெட்டிப்பட்டு நிற்பவற்றைக் காலாவதியான வங்கி அட்டையின் விளிம்பால் தள்ளிவிடுங்கள். சமையல் சோடா மிதமான காரம்தான், அதன் பி.எச். அளவு 8-க்குச் சற்று மேல். ஆகவே ஒரே தடவையில் எல்லாம் போய்விடும் என்று எதிர்பார்க்காதீர்கள். முதல் நாள் பாதி போகும், இரண்டாம் முறை மீதியில் பெரும்பகுதி போகும். எல்லாம் துடைத்தபின் கண்ணாடியில் வெண்மையாக ஒரு புகைபோல நிற்பது சோடாவின் மிச்சம். உங்கள் வினிகருக்கு இப்போதுதான் வேலை. ஒரு பங்கு வினிகரில் நான்கு பங்கு தண்ணீர் கலந்து துடைத்து, காய்ந்த மைக்ரோஃபைபர் துணியால் மெருகேற்றிவிடுங்கள். கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர் அல்லது நாரிழைப் பட்டையில் குழம்பு படவேண்டாம்; அதைத் தேய்க்கவும் வேண்டாம், ஈரத்துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

இப்போது கம்பி நார். ஓவன் கதவில் இருப்பது சன்னல் கண்ணாடியைப் போன்றதன்று. அதை 600 பாகைக்கு மேல் சூடாக்கிக் காற்றடித்துச் சடுதியில் குளிரவைப்பதால், மேற்பரப்பு இறுகி அழுந்தியும் உட்பகுதி இழுபட்டும் நிற்கிறது. அதன் வலிமை அந்த மேற்பரப்பு இறுக்கத்தில்தான் இருக்கிறது. உலோகம் அதில் ஆழமாகக் கீறினால், கீறலை மையமாக வைத்து, சில வேளை பல நாள் கழித்துச் சமைத்துக்கொண்டிருக்கும்போதே, முழுக் கண்ணாடியும் சிறு சிறு துண்டுகளாகச் சிதறிவிடலாம். சமையல் அடுப்புகளுக்கும் ஓவன்களுக்குமான ஐ.இ.சி. 60335-2-6 என்ற அனைத்துலகப் பாதுகாப்புத் தரம், கதவுக் கண்ணாடியைக் கரடுமுரடான தூள்களாலும் கூரிய உலோகச் சுரண்டிகளாலும் துப்புரவு செய்யக்கூடாது என்ற எச்சரிக்கையைக் கையேட்டில் அச்சிடச் சொல்வதும் இதனால்தான். சோடாத் துகளுக்கு அந்தக் கவலை இல்லை. மோஸ் கடினத்தன்மை அளவில் அது ஏறக்குறைய 2.5, கண்ணாடி ஏறக்குறைய 5.5.

கேள்வி: கண்ணாடியின் இரு பக்கமும் பளபளவென்று இருக்கின்றன. ஆனால் நடுவில் எண்ணெய் வழிந்த கோடுகள் தெரிகின்றன. கை எட்டாத இடத்தில் எண்ணெய் எப்படிப் போனது? கழற்றாமல் சுத்தம் செய்ய முடியுமா?
– வாசகர், பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: உங்கள் கதவில் இரண்டு அல்லது மூன்று கண்ணாடிகள் இடைவெளி விட்டு அடுக்கப்பட்டிருக்கின்றன. வெளிக் கண்ணாடி கையைச் சுடாமலிருக்க அந்த இடைவெளியில் காற்று புகுந்து வரவேண்டும் என்பதற்காகக் கதவின் மேல் விளிம்பிலும் அடி விளிம்பிலும் துளைகள் விடுவார்கள். காற்றுக்கு விட்ட வழியில் எண்ணெயும், பல வீடுகளில் சுத்தம் செய்தபோது ஊற்றிய தண்ணீரும், இறங்கிவிடுகின்றன. கண்ணாடிக்குத் திரவத்தைத் தெளிக்காமல் துணிக்குத் தெளித்துத் துடையுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

கோடு ஒன்றிரண்டுதான் என்றால், துணி மாட்டும் கம்பி ஹேங்கரை நேராக்கி, அதன் நுனியிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு மெல்லிய துணியைச் சுற்றி ரப்பர் வளையத்தால் இறுக்கிக் கட்டுங்கள். கம்பி எங்கும் வெளியே தெரியக்கூடாது. துணியைச் சவர்க்கார நீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, கதவின் அடிவிளிம்புத் துளை வழியே நுழைத்துத் துடைக்கலாம். பொறுமையைச் சோதிக்கும் வேலை என்பதை மறைக்க விரும்பவில்லை.

கறை பரவலாக இருந்தால் கழற்றுவதுதான் சரி. பல மாடல்களில் கதவை முழுவதும் திறந்து, இரு கீல்களிலும் உள்ள சிறு நெம்புகளை முன்னோக்கி மடக்கி, கதவைப் பாதி மூடிய நிலைக்குக் கொண்டுவந்து மேலே தூக்கினால் கழன்றுவிடும். கதவு கனமானது, இரண்டு பேர் பிடியுங்கள். நெம்பை மடக்காமல் கதவை எடுத்துவிட்டால் கீல் விசையோடு மடங்கி விரலை நசுக்கிவிடும். மேசையில் கனத்த துண்டை விரித்துக் கதவைப் படுக்கவைத்து, மேல் விளிம்புப் பட்டையை விடுவித்து உள் கண்ணாடியை உருவுங்கள். எந்தப் பக்கம் மேலே இருந்தது என்பதைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சில கண்ணாடிகளின் ஒரு பக்கத்தில் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் மெல்லிய பூச்சு இருக்கும், மாற்றிப் பொருத்தக்கூடாது. அந்தப் பக்கத்துக்குச் சோடாக் குழம்பும் வேண்டாம். சவர்க்கார நீரும் மென்மையான துணியும் போதும். நன்றாகக் காய்ந்த பின்னரே திரும்பப் பூட்டுங்கள், இல்லாவிட்டால் எண்ணெய்க் கோடு போய் நீராவிப் புகைச்சல் வந்து நிற்கும். உங்கள் மாடலின் கையேட்டில் கழற்றும் முறை தரப்படவில்லை என்றால் பழுதுபார்ப்பவரை அழைப்பதே நல்லது.

கேள்வி: இத்தனை சிரமம் எதற்கு? பேரங்காடியில் ஓவனுக்கென்றே தெளிப்பான் விற்கிறார்கள். எங்கள் கொண்டோ சமையலறையில் சன்னல் சிறியது. பயன்படுத்தலாமா?
– வாசகர், செராஸ், கோலாலம்பூர்

பதில்: பலன் தரும் என்பதில் ஐயமில்லை. அவற்றில் பெரும்பாலானவற்றில் சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது எரிசோடா இருக்கும். சமையல் சோடாவுக்கு அது மூத்த அண்ணன். படலத்தை விரைவாகக் கரைக்கும், அதே விரைவில் தோலையும் கண்ணையும் புண்ணாக்கும், கதவின் அலுமினியச் சட்டத்தையும் அரித்துக் கறுக்கவைக்கும். காற்றோட்டம் குறைந்த உங்கள் சமையலறையில் அந்தப் புகையை மூச்சில் இழுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கதவைக் கழற்ற முடிந்தால் பால்கனிக்குக் கொண்டுபோய், நீண்ட கையுறையும் கண்ணைக் காக்கும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிந்து, தெளிப்பதற்குப் பதிலாகத் துணியில் எடுத்துத் தடவுங்கள். கறை விடவில்லையே என்று அதன்மேல் வினிகரையோ வெளுப்பானையோ ஊற்றிவிடாதீர்கள். வெளுப்பானும் அமிலமும் சேர்ந்தால் வருவது குளோரின் வாயு. வேலை முடிந்ததும் மூன்று நான்கு முறை தண்ணீரால் துடைத்து, ஓவனைக் காலியாக 15 நிமிடம் சூடாக்கி வாடை போய்விட்டதா என்று பார்த்த பிறகே கோழியை உள்ளே வையுங்கள்.