குழந்தைக்கு ஆஸ்துமா, வெளியே கொரோனா: கேளுங்கள், சொல்கிறேன்

நான் டாக்டர் இல்லை. வீடு வீடாகப் போய் இன்ஹேலர் பழக்கிக் கொடுக்கும் களப்பணியாளர். 2020 மார்ச்சுக்குப் பிறகு எல்லாம் வீடியோ காலில்தான் நடந்தது. இவை அந்தக் கொரோனா காலத்தில் வந்த கேள்விகள். மருந்தின் அளவை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

கே: ஸ்டீராய்டு இன்ஹேலர் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்குமாமே அக்கா? கொரோனா ஓயும்வரை நிறுத்தி வைக்கட்டுமா?

நிறுத்தாதீர்கள். அதன் அளவு மைக்ரோகிராம் கணக்கு, அதாவது துளியூண்டு; வேலை மூச்சுக்குழாயில். நிறுத்தினால் உள்வீக்கம் திரும்பும், அடுத்த சளியிலேயே இளைப்பு வரும். எந்த ஆஸ்பத்திரிக்குப் பயந்தீர்களோ அங்கேயே ஓட வேண்டியிருக்கும்.

கே: போனில் பார்த்து என்னத்தைச் சொல்லித்தர முடியும்?

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு அம்மா ஒழுங்காகத்தான் செய்கிறார், பிள்ளைக்கு இருமல் நிற்கவில்லை. போனைப் பக்கவாட்டில் பிடிக்கச் சொன்னேன். இன்ஹேலரோடு மாட்டும் ஸ்பேசர் குழாயின் முனையில் உள்ள மாஸ்க்குக்கும் கன்னத்துக்கும் நடுவே சுண்டுவிரல் நுழையும் இடைவெளி! மருந்து பாதி அதன் வழியே போய்விட்டது. போதாததற்கு இரண்டு பஃப்பை (ஒரு அமுக்கு ஒரு பஃப்) ஒன்றாக அமுக்கினார். இப்படிச் செய்யுங்கள்: குலுக்கி ஒரு பஃப், ஐந்தாறு மூச்சு, அரை நிமிடம் விட்டு மறுபடி குலுக்கி அடுத்தது. ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் அலசி அப்படியே காயவிடுங்கள். துடைத்தால் மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

கே: ஆவி பிடிக்கலாமா?

வேண்டாம். வெந்நீர் கொட்டிச் சுட்டுக்கொண்ட குழந்தைகள் நிறைய.

கே: மருந்தைப் புகைபோல ஆக்கித் தரும் நெபுலைசர் மெஷின்தானே பவர்? புகை கண்ணுக்கே தெரிகிறது.

கண்ணுக்குத் தெரிவது அறைக்குள் போகும் மருந்து. சாதாரண இளைப்புக்கு ஸ்பேசரும் அதே வேலையைச் செய்யும். வீட்டில் ஒருவருக்குத் தொற்று இருந்தால் நெபுலைசர் கிருமியையும் பரப்பலாம் என்றுதான் முடிந்தவரை தவிர்க்கச் சொன்னார்கள்.

கே: எங்கள் டாக்டரே நெபுலைசர் வைத்தாரே! அவருக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்?

கோபிக்காதீர்கள் தம்பி. கடும் இளைப்புக்கு ஆஸ்பத்திரியில் ஆக்சிஜனோடு வைப்பது வேறு. என் பயம் வீட்டு மெஷின்தான். விலா ஒடுங்குகிறது, பிள்ளையால் ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியவில்லை. “இன்னொரு தடவை வைத்துப் பார்ப்போம்” என்று இரவு முழுக்க ஓட்டுகிறார்கள். உதடு நீலமாகும்வரை காத்திருக்காதீர்கள்.

கே: அப்போ வாங்கின மெஷினை என்ன செய்ய?

டாக்டரைக் கேளுங்கள். நெபுலைசர் பேச்சு போதும்.

கே: தடுப்பு இன்ஹேலரை நிறுத்தலாமா?

முதல் கேள்வியில் வந்த ஸ்டீராய்டு இன்ஹேலர்தான் இது. அந்தப் பதிலைப் படியுங்கள்.

கே: ஊரடங்கு முழுக்க ஒரு தடவைகூட இளைப்பு வரவில்லை. குணமாகிவிட்டதா? மருந்தை விட்டுவிடலாமா?

பல நாடுகளில் 2020இல் குழந்தைகளுக்கு இளைப்பு குறைந்தது நிஜம். பள்ளி இல்லை, சளி வைரஸ் பரவவில்லை. நோய் அங்கேயேதான் இருக்கிறது, சீண்ட ஆள் வரவில்லை. பள்ளி திறந்ததும் வருவான். மருந்தை விடுவதைப் பற்றி இது மூன்றாவது கேள்வி, பதில் மாறவில்லை.