குழந்தைக்கு வளர்ச்சித் தாமதமோ என்று சந்தேகம். வீடியோ, ஆடியோ மூலம் பெற்றோரே வீட்டில் கற்றுக்கொள்ள முடியுமா?

நீங்கள் எழுதியிருப்பது இது: குழந்தைக்கு ஒன்றே முக்கால் வயது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, நிபுணரைப் பார்க்க 3 மாதம் கழித்துத்தான் தேதி கிடைத்திருக்கிறது. அதுவரை இணையத்தில் கிடைப்பதைப் பார்த்தும் கேட்டும் நாங்களே ஏதாவது செய்யலாமா?

செய்யலாம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். என் மகனுக்கு ஆட்டிசம். இப்போது ஏழு வயது. ஆனால் முதல் நாலைந்து மாதத்தை நான் வீணாக்கிவிட்டேன். நீங்கள் அதைச் செய்யக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பேச்சு வரவேண்டும் என்று எழுத்து, நிறம், விலங்குகள் சொல்லித்தரும் வீடியோக்களை அவனுக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டு வயதுக்குள் எழுத்தெல்லாம் வரிசையாகச் சொன்னான். தண்ணீர் வேண்டும் என்று கேட்கத் தெரியாது; தாகம் எடுத்தால் அழுவான். எழுத்து சொல்கிறானே, பேச்சும் தானாக வந்துவிடும் என்று நம்பியிருந்தோம்.

ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கொண்டே ஓர் ஒலிப்பதிவு கேட்டேன். பெட்ரீஷியா கூல் என்ற ஆய்வாளர் 2003இல் தன் குழுவுடன் வெளியிட்ட ஆய்வு பற்றிய பேச்சு. ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளிடம், சிலர் நேரில் உட்கார்ந்து மாண்டரின் சீன மொழியில் பேசி விளையாடினார்கள். மொத்தம் 12 அமர்வுகள். வேறு குழந்தைகளுக்கு அதே பேச்சைத் திரையில் காட்டினார்கள், அல்லது ஒலியாக மட்டும் கேட்கவைத்தார்கள். நேரில் பழகிய குழந்தைகளுக்கு அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்துக் கேட்கும் திறன் வந்தது. திரைக்கும் ஒலிப்பதிவுக்கும் முன்னால் இருந்தவர்களுக்கு வரவில்லை. குழாயை மூடிவிட்டு அப்படியே நின்றேன். உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதலும் 2 வயதுக்குள் திரை வேண்டாம், அதன் பிறகு 4 வயதுவரை நாளுக்கு 1 மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்றுதான் சொல்கிறது.

ஆகவே நீங்கள் தேடி எடுக்கும் எதையும் குழந்தை தூங்கிய பிறகு நீங்கள் பாருங்கள்.

அதற்கும் முன்னால், காதுப் பரிசோதனை. கதவு தட்டினால் திரும்புகிறது, அதனால் காது கேட்கிறது என்று முடிவு செய்துவிடாதீர்கள். சில ஒலிகள் மட்டும் கேட்டு, பேச்சின் நுண்ணிய ஒலிகள் கேட்காமல் போகலாம். இந்தப் பரிசோதனைக்கு நிபுணரின் தேதிவரை காத்திருக்கத் தேவையில்லை.

எந்த வயதில் குழந்தை என்னென்ன செய்யும் என்ற வளர்ச்சிப் படிகளைப் பொறுத்தவரை, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2 மாதத்திலிருந்து 5 வயதுவரையான பட்டியலைப் படங்களோடும் வீடியோக்களோடும் இலவசமாகத் தருகிறது. 2022இல் அதைத் திருத்தினார்கள். அந்தந்த வயதில் 75 சதவீதமோ அதற்கு மேலோ குழந்தைகள் செய்யக்கூடியவற்றை மட்டும் இப்போது பட்டியலில் வைத்திருக்கிறார்கள். அதனால் அதில் ஒன்று விடுபட்டாலும் 'பொறுத்துப் பார்க்கலாம்' என்று தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வீடியோவின் உண்மையான பலம் எனக்கு ஓர் இடத்தில் புரிந்தது. 16 முதல் 30 மாதக் குழந்தைகளிடம் ஆட்டிசத்தின் அறிகுறிகள் உண்டா என்று பெற்றோரிடம் கேட்கும் எம்-சாட் என்ற 20 கேள்விப் படிவத்தில், சுட்டிக்காட்டுவது பற்றிக் கேட்டிருப்பார்கள். ஆமாம் என்று குறித்தேன். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் பிஸ்கட் டப்பா மேல் வைப்பானே, அதுதான் சுட்டிக்காட்டுவது என்று நினைத்தேன்! பிறகு ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவான ஆட்டிசம் நேவிகேட்டர் தளத்தின் வீடியோக்களைப் பார்த்தேன். ஒரே வயதுள்ள இரண்டு குழந்தைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவார்கள். ஒரு குழந்தை பிடித்த ஒன்றை விரல் நீட்டிக் காட்டிவிட்டு உடனே அம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறது: நீயும் பார்த்தாயா? அந்தத் திரும்பல் என் மகனிடம் இல்லை. எத்தனை பக்கம் படித்தும் பிடிபடாத அந்த வித்தியாசம் சில நொடிகளில் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. அன்றிரவு ரொம்ப அழுதேன். மறுநாள் படிவத்தைத் திருத்தினேன். ஒன்று சொல்ல வேண்டும்: அந்தப் படிவம் சந்தேகத்தைக் கண்டுகொள்ள மட்டும்தான், அதில் வரும் எண்ணிக்கை நோய் நிர்ணயம் ஆகாது.

வீட்டில் செய்வதற்கு, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் குழந்தை வளர்ச்சி மையம் வெளியிட்ட சிறு வீடியோக்களில் தொடங்குங்கள். குழந்தை எதைக் கவனிக்கிறதோ அதை நீங்களும் கவனிப்பது, அதற்குப் பெயர் சொல்வது, பிறகு குழந்தையின் முறைக்காகக் காத்திருப்பது. பந்தை மாற்றி மாற்றிப் போடுவது போல. கேட்க எளிமையாக இருக்கும். எனக்கு எல்லாம் தெரியும் என்றே நினைத்தேன். பேச்சுப் பயிற்சி தரும் அம்மா, "நீங்கள் அவனோடு விளையாடுவதை 4 நிமிடம் செல்போனில் எடுத்து வாருங்கள்" என்றார். போட்டுப் பார்த்தோம். அந்த 4 நிமிடத்தில் நான் அவனிடம் 31 கேள்விகள் கேட்டிருந்தேன். இது என்ன? என்ன கலர்? சொல்லு, சொல்லு. ஒன்றுக்கும் பதில் வர இடமே விடவில்லை. ஓர் இடத்தில் அவன் வாயைத் திறக்கிறான், அதற்குள் நான் அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த நொடியை எத்தனை தடவை ஓட்டிப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. பிறகு ஒன்று சொன்னால் மனதுக்குள் பத்துவரை எண்ணப் பழகினேன். மூன்றாவது வாரம், தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் காத்திருந்தேன். 'த' என்றான்.

உலக சுகாதார நிறுவனம் வளர்ச்சித் தாமதமுள்ள 2 முதல் 9 வயதுக் குழந்தைகளின் பெற்றோருக்காக ஒரு பயிற்சித் திட்டம் வைத்திருக்கிறது, அதன் ஆன்லைன் வடிவம் இலவசம். நோயின் பெயர் முடிவாகியிருக்க வேண்டியதில்லை. ஒரே வாரத்தில் முடித்துவிடாதீர்கள். ஒரு பாடம் பார்த்துவிட்டு, அதைக் குளிக்கவைக்கும்போதும் சாப்பாடு ஊட்டும்போதும் செய்து பழகி, பிறகு அடுத்ததற்குப் போங்கள்.

ஒலிப்பதிவுகளில் நான் அதிகம் கற்றது, ஆட்டிசத்தோடு வளர்ந்து பெரியவர்களானவர்கள் தங்களைப் பற்றிப் பேசியதிலிருந்து. மகன் கையை உதறும்போதெல்லாம் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தேன். கை உதறினால் மனசு அமைதியாகும் என்று அவர்கள் சொல்லக் கேட்ட பிறகு நிறுத்துவதை விட்டேன்.

இத்தனை நாளில் குணப்படுத்துகிறோம் என்று சொல்லும் வீடியோ, குழந்தை அழ அழ அழுத்திப் பிடித்துப் பயிற்சி தரும் வீடியோ, மருந்தோ பொடியோ விற்கும் வீடியோ, எதுவானாலும் மூடிவிடுங்கள்.

மருத்துவருக்காக நீங்களும் வீடியோ எடுத்து வையுங்கள். மருத்துவமனை அறையில் குழந்தை வழக்கம்போல் இருக்காது. கைக்குழந்தை திடீர் திடீரென்று உடல் மடங்கி விறைப்பது அடுத்தடுத்துத் தொடர்ந்து வந்தால், அதை எடுத்துக்கொண்டு அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அது குழந்தைகளுக்கு வரும் ஒருவகை வலிப்பாக இருக்கலாம். சிகிச்சை தாமதமானால் மூளை வளர்ச்சியே பாதிக்கப்படும். அதேபோல் உங்கள் குழந்தை ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்த சொற்களைச் சொல்லாமல் போனால், அந்த 3 மாதத் தேதியை எண்ணிக்கொண்டிருக்காமல் உடனே தொலைபேசியில் சொல்லி, முன்கூட்டியே பார்க்கும்படி கேளுங்கள்.