எத்தனை நாளைக்குத்தான் மூர் மார்க்கெட் புலம்பல்?

கேள்வி: சென்னையில் மறைந்துபோன மூர் மார்க்கெட், பழைய ஸ்பென்சர் கடை, உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டல் என்று இன்னும் எத்தனை நாளைக்குப் புலம்புவீர்கள்? ஊர் வளர்ந்தால் கடைத்தெருவும் மாறத்தானே செய்யும்?
- ஒரு வாசகர், குரோம்பேட்டை

பதில்: மாறட்டும். மாறவே கூடாது என்று நான் எப்போது சொன்னேன்? கொத்தவால் சாவடி காய்கறிச் சந்தையை 1996-இல் கோயம்பேட்டுக்குக் கொண்டுபோனார்களே, அது நல்ல காரியம். ஜார்ஜ் டவுன் சந்துகளில் லாரிக்கும் கைவண்டிக்கும் நடுவே மூட்டை தூக்கியவர்கள் பட்ட பாட்டைப் பார்த்தவன் நான். மொத்த வியாபாரி சரக்கு எங்கே இருக்கிறதோ அங்கே தேடி வந்துவிடுவார். அதனால் அந்த மாற்றம் பலித்தது.

மூர் மார்க்கெட் கதை வேறு. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் 1900-இல் திறந்த அந்தச் செங்கல் கட்டடம் 1985 மே 30-ஆம் தேதி எரிந்தது. இன்று அங்கே புறநகர் ரயில் நிலையம் இருக்கிறது. ரயில் நிலையம் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? என் வருத்தம் அந்த வியாபாரிகளைப் பற்றியது.

கல்லூரி நாட்களில் ஊருக்கு ரயில் ஏறும் முன் அங்கே ஒரு பழைய புத்தகக் கடையில் நிற்பேன். அட்டை கிழிந்த புத்தகத்தைக் கோந்து போட்டு ஒட்டிக்கொண்டே, "படிச்சுட்டுக் கொண்டாங்க தம்பி, பாதி விலைக்கு எடுத்துக்கறேன்" என்பார் கடைக்காரர். ஐந்து ரூபாயை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் படித்திருக்கிறேன். தீ விபத்துக்குப் பிறகு அவர்களுக்கு அல்லிக்குளம் வளாகத்தில் இடம் கொடுத்தார்கள். கொஞ்ச தூரம்தான். அங்கேயும் அவரைத் தேடிப் போனேன். "முன்னே ரயிலுக்கு நேரம் இருக்கிறவங்க எல்லாம் நின்னு புரட்டுவாங்க. இப்போ புத்தகம் வேணும்னு கிளம்பி வர்றவங்க மட்டும்தான் வர்றாங்க" என்றார். நடைபாதை வியாபாரத்தின் கணக்கு முழுவதும் அந்த இரண்டு வாக்கியத்தில் இருக்கிறது. வழியோடு போகிறவர்தான் அதன் மூலதனம். அந்த வழியை விட்டு நகர்த்தினால் கடை இருக்கும், வியாபாரம் இருக்காது.

சரி, அன்று தெரியாமல் செய்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். 2013-இல் தி.நகர் பாண்டி பஜார் நடைபாதையில் வளையலும் பாசிமணியும் விற்றவர்களை மாநகராட்சி ஓர் அடுக்குமாடி வளாகத்துக்குள் அனுப்பியதே, அப்போதுமா தெரியாது? பஸ் பிடிக்க ஓடுகிற பெண் ஹேர்பின் வாங்க மாடி ஏறுவாரா? ஆறு வருடம் கழித்து அதே சாலையில் நடைபாதையை அகலமாக்கித் திறந்தார்கள். நானும் நடந்து பார்த்தேன். அழகாகத்தான் இருக்கிறது, குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு பயமில்லாமல் போகலாம். அவ்வளவு அகலத்தில், மரத்தடியில், கோடு போட்டுச் சில கடைகளுக்கு இடம் விட்டிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

கட்டடங்களுக்கும் வழி இருக்கிறது. அண்ணா சாலையில் 1913-இல் தொடங்கிய எலக்ட்ரிக் தியேட்டரின் கட்டடம் தபால் துறையிடம் வந்தது, தபால்தலை சேகரிப்பவர்கள் போகும் இடமானது. 1904-ஆம் ஆண்டின் ஹிக்கின்பாதம்ஸ் கட்டடத்தில் புத்தகமே விற்றார்கள். இடிக்காமலும் மாறலாம்.

தெருவோர வியாபாரிகளுக்கென்று 2014-இல் மத்திய அரசு சட்டமே போட்டிருக்கிறது. ஊர்தோறும் நகர விற்பனைக் குழு வேண்டும், அதில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளாக இருக்க வேண்டும் என்கிறது அது. அடுத்து ஒரு கடைத்தெருவை அழகுபடுத்தப் போகிறோம் என்று அறிவிப்பு வரும்போது, வரைபடம் போடுவதற்கு முன்னால் அந்த வியாபாரிகளைக் கூப்பிட்டுப் பேசினீர்களா என்று நான் கேட்பேன். அது உங்கள் குரோம்பேட்டையாக இருந்தால் நீங்களும் கூட வாருங்கள்.